ஆறாவது பிரதி

நூற்று நாற்பத்தொன்று வந்துவிட்டது, இன்னும் நாற்பத்தைந்து பக்கம் போனால் அவன் பேசி முடித்துவிடுவான், அப்புறம் தான் பேச ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தாள் மங்கையர்க்கரசி. அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பும், கொஞ்சம் யோசிக்கும், அடுத்த தாளைத் துப்பும். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே வரிசையாக நான்கு கடைகள், நான்கிலும் ஜெராக்ஸ், நான்கிலும் பைண்டிங். மூன்றாவது கடையில், காலொன்று லேசாக ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் காலை ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது மணி பதினொன்று. சாயங்காலம் நாலரைக்குள் ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளை எதிரே இருக்கும் ஆய்வுப் பிரிவில் கொடுத்தாக வேண்டும். இன்றோடு அவளுடைய பதிவுக்காலம் தீர்ந்தது. இரண்டு முறை நீட்டித்தாயிற்று, மூன்றாவது முறைக்கு விதியில் இடமில்லை. கொடுக்காவிட்டால் ஏழு வருஷம் அம்போ. தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கி எந்த ஆஸ்பத்திரியில் உட்காரப் போகிறாய் என்று ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சித்தப்பாமார்களுக்கு நல்ல தீனி கிடைக்கும். அதெல்லாம் பரவாயில்லை. நூற்று நாற்பத்தைந்து வந்தது. கைகள் குளிர்ந்திருந்தன. வெளியே வெயில் தாரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது கை ஏன் குளிர வேண்டும் என்று ஒரு கேள்வி எழுந்தது. உடனே, குளிர்வது யாருக்கு, கைக்கா உனக்கா என்று இன்னொரு கேள்வி எழுந்தது. அது அவளுடைய கேள்வி இல்லை. செல்வினுடையது. செத்து இரண்டு வருஷமாகியும் அவன் வாயை மூடவில்லை.

சைவ சித்தாந்தத்தில் நூல் செய்கிறவர்களுக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. தன் கொள்கையைச் சொல்லுமுன் எதிராளியின் கொள்கையைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பரபக்கம் என்று பெயர். அதுவும் அரைகுறையாக அல்ல, எதிராளியே வந்து படித்தால் ஆமாம், நான் சொல்ல நினைத்தது இதுதான், என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாய் என்று ஒப்புக்கொள்ளும்படி. அதன் பிறகே மறுப்பு, அதன் பிறகே தன் பக்கம். அவளுடைய நெறியாளர் சங்கரலிங்கம் சார் முதல் வருஷமே சொல்லிவிட்டார்: "எதிராளியப் பட்டினி போட்டு அடிக்கக் கூடாதும்மா. நல்லாச் சோறு போட்டு, தெம்பா நிக்க வச்சு, அப்புறம் அடி." அவளும் போட்டாள். ஐந்தாம் இயல் முழுக்கப் போட்டாள், அறுபத்திரண்டு பக்கத்துக்குப் போட்டாள். போன மாதம் அதைப் படித்துவிட்டு சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ போட்ட சோத்துல அவன் மலை மாதிரி நிக்கானே. உன் மறுப்பு நோஞ்சானா இருக்கு. அனுப்பினா எக்ஸாமினர் உன்னையும் சேத்துல்லா அவன் கட்சின்னு எழுதிருவாரு." அந்த மலை யாரென்று சாருக்குத் தெரியாது. பழைய நூல்களில் எதிராளிக்குப் பெயர் கிடையாது, ஒருவன் இப்படிச் சொல்வானாயின் என்று தொடங்கி அது பொருந்தாது என்று முடித்துவிடுவார்கள். அவளுடைய ஆய்வேட்டிலும் பெயர் இல்லை. ஆனால் அந்த ஒருவன் செல்வின், உடன்குடிக்காரன். வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவான், வடையைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்பான், தோற்கப் போகிறான் என்று தெரிந்தால் எதிரே இருப்பவளின் வடையையும் எடுத்துக்கொள்வான்.

கேன்டீனில் வேப்பமரத்தடி பெஞ்சில் அந்த வழக்கு நாலு வருஷம் நடந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவள் எடுத்துக்கொண்டது உயிர் என்றும் உளது என்பதை நிறுவுகிற பொருள். அவன் எடுத்துக்கொண்டது உயிர் என்று தனியாக ஒன்றும் இல்லை, கணத்துக்குக் கணம் எரிந்து அணைகிற அறிவுகளின் வரிசைதான் என்று சொல்கிறவர்களின் கட்சி. "ஏட்டி அரசி, நீ என்ன சொல்லுத? ஆழ்ந்த உறக்கத்துல உயிருக்கு ஒண்ணும் தெரியாது. மயக்கத்துல அதுகூடத் தெரியாது. தான் இருக்கோம்ங்கிறதே தெரியாது. ஆனா இருக்கு. அதான?" "அதான்." "பூட்டின வீடு. தட்டினாச் சத்தம் இல்ல. கரண்டு மீட்டர் ஓடல. ஆள் உள்ள இருக்காருன்னு நீ சொல்லுத. ஆள் இருக்கிற பூட்டின வீட்டுக்கும், இல்லாத பூட்டின வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?" "வெளிய நிக்கிற உனக்கு வித்தியாசம் தெரியாதுல. உள்ள இருக்கவருக்குத் தெரியும்." "அவருக்கே தெரியாதுன்னு இப்பதான நீ சொன்ன?" அப்போது அவள் சொல்ல வாயெடுத்ததும், அவன் அவள் வடையை எடுத்ததும், அவள் அவன் கையில் அடித்ததும் நினைவில் அப்படியே நிற்கின்றன. என்ன சொல்ல வாயெடுத்தாள் என்பது மட்டும் மறந்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள். எத்தனையோ நாளைகள் வந்தன. அவன் ஆய்வை விட்டுவிட்டுக் கௌரவ விரிவுரையாளராகப் போய்விட்டான், காலையில் ஒரு கல்லூரி, மதியம் ஒரு கல்லூரி, நடுவில் நாற்பது கிலோமீட்டர் பைக்கில். நூற்று ஐம்பத்தாறு. தாள்கள் சூடாக இருந்தன. பைண்டிங் வேலை பார்க்கும் பேச்சியக்கா அவற்றை எடுத்து மேசையில் தட்டி நேராக்கினாள்.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவிடம் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரியும், எங்கே நின்று சொன்னாள் என்றும் தெரியும், எதற்காகச் சொன்னாள் என்பதில்தான் இரண்டு வருஷமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறாள். பைபாஸில் அவன் பைக்குக்குக் குறுக்கே மாடு வந்தது என்றார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. நான்காம் நாள் காலையில் மருத்துவர்கள் இரண்டு முறை சோதித்து முடித்து, மூளைச்சாவு என்று எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவப்படியும் சட்டப்படியும் அது சாவுதான், சந்தேகமே இல்லை. ஒரு பெண் வந்து மெதுவான குரலில் உறுப்பு தானத்தைப் பற்றிப் பேசினாள், அவசரப்படுத்தவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். செல்வினின் அம்மா ஞானரத்தினம் டீச்சர், முப்பத்தாறு வருஷம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவர், புருஷன் போன பிறகு ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவர், உள்ளே போய் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வெதுவெதுப்பாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, அது இயந்திரத்தின் வேலை என்றாலும் ஏறி இறங்கியது. வெளியே நடைபாதையில் தண்ணீர் கேன் பக்கத்தில் அரசி கையில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். அன்று காலை பத்து மணி, எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம். டீச்சர் நேரே வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தார். "ஏ அரசி, டாக்டருங்க உடம்பப் படிச்சவங்க, அவங்க சொல்லிட்டாங்க. நீ உயிரப் பத்தித்தான படிக்க? நீ சொல்லு. எம் பிள்ள உள்ள இருக்கானா, இல்லியா?"

உலகத்தில் வேறு யாரிடமும் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். கணக்கில் ஆய்வு செய்கிறவளிடம் கேட்பார்களா, மண்புழுவில் ஆய்வு செய்கிறவளிடம் கேட்பார்களா? நாலு வருஷமாக உயிர், உயிர் என்று அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றபோதெல்லாம் பீற்றிக்கொண்டதன் பலன் அது. அவளுக்கு விடை தெரியும். அவள் படித்த நூல் அத்தனையும் ஒரே விடையைத்தான் சொல்கின்றன. ஐம்புலன் அடங்கினாலும், மனம் அடங்கினாலும், மூச்சே ஒடுங்கினாலும், உடம்பை விட்டு நீங்குகிற வரைக்கும் உயிர் அங்கே இருட்டில், தான் இருப்பதும் தெரியாமல், இருக்கிறது. இருக்கிறான் என்பதுதான் அவள் படித்த படிப்பு. அவள் வாயைத் திறந்தாள். "இல்லம்மா. அவன் இல்ல." டீச்சர் தலையை ஆட்டினார். முழங்கையை விட்டார். போய்க் கையெழுத்துப் போட்டார். சிறுநீரகம் இரண்டு பேருக்கு, கல்லீரல் ஒருவருக்கு, கண்கள் யாருக்கோ. இட்லிப் பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது, சாம்பார் ஒழுகிச் சுடிதாரில் கறையானது, அதைப் பிற்பாடு எத்தனை துவைத்தும் போகவில்லை.

ஏன் சொன்னாய்? அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாயா? அப்படியென்றால் அது பொய், பொய் சொல்லி ஒரு தாயைக் கையெழுத்துப் போட வைத்தாய். உண்மையிலேயே நம்பிச் சொன்னாயா? அப்படியென்றால் இதோ துப்பிக்கொண்டிருக்கிறதே இந்த இயந்திரம், இந்த இருநூற்றுப் பதினாலு பக்கமும் பொய், ஏழு வருஷமும் பொய். இல்லை, அந்த நிமிஷம் படுக்கையில் கிடந்தவனால் பேச முடியவில்லை என்பதால் அவன் என்ன சொல்லியிருப்பானோ அதை அவனுக்குப் பதிலாக நீ சொன்னாயா? இது மூன்றாவது. இதுதான் அவளை எந்நேரமும் துரத்துகிறது. எதிராளிக்காக ஒரு வாக்கியம் பேசினாய், அந்த ஒரு வாக்கியத்தில் எதிராளியே போய்விட்டான். மருத்துவம் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது, நீ சொல்லாவிட்டாலும் முடிவு அதுதான், மூன்று பேர் பிழைத்தார்கள் என்று தனக்குத் தானே நூறு தடவை சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரி. அறிவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனாலும் தினமும் கண்ணை மூடினால் பூட்டின வீடு வருகிறது, உள்ளே யாரோ இருக்கிறார்கள், தான் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, வெளியே நின்று இவள் தெருவைப் பார்த்துச் சொல்கிறாள், யாரும் இல்லை, இடிக்கலாம். பயத்தில் விழித்துக்கொள்வாள். விழித்ததும் மேசைக்குப் போய் ஐந்தாம் இயலை எழுதுவாள். அவன் செத்த பிறகுதான் அந்த இயலே எழுதப்பட்டது. அவன் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். எழுதி முடித்த பிறகும் அவன் நிறுத்தவில்லை என்பதுதான் விபரீதம்.

நூற்று எண்பத்து மூன்று. சித்தாந்திகள் வழக்கமாக ஒரு சான்று தருவார்கள். தூங்கி எழுந்தவன், அப்பாடா, நன்றாகத் தூங்கினேன் என்கிறான் அல்லவா? தூக்கத்தில் யாரும் இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்தது என்று யார் கண்டு வைத்துச் சொல்கிறார்கள்? ஆகவே உள்ளே ஒருவர் இருந்தார். அவளுக்கும் பிடித்த சான்று. அதற்கு எதிராளியின் பதிலை எழுதிக்கொண்டிருந்தபோது விரல் தானாக ஒரு வரியைத் தட்டியது. எழுந்தவன் சாட்சி சொல்கிறான். எழாதவனுக்கு யார் சாட்சி? தட்டிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். கேன்டீனில் அவன் இதைச் சொன்னதே இல்லை. நாலு வருஷத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் எந்த நூலிலும் படிக்கவும் இல்லை. உயிரோடு இருந்தபோது அவனுக்குத் தெரியாத வாதம், செத்த பிறகு எப்படித் தெரிந்தது? நான்தான் யோசித்தேன், வேறு யார் என்று சொல்லிக்கொண்டாள். அப்படியென்றால் அவன் கட்சி என் தலைக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறதா? அவன் வளர்க்கிறான் என்றால், இருக்கிறான் என்றாகிறது. இருந்தால் அவன் வாதம் தோற்றது. வாதம் தோற்றால், அன்றைக்கும் இருந்தான். அன்றைக்கும் இருந்தான் என்றால் அவள்... நூற்று எண்பத்தாறு வந்தது. அந்த வரிதான் அந்தப் பக்கத்தின் கடைசி வரி. அதற்கு அப்புறம் ஆறாம் இயல், மறுப்பு, இருபத்தெட்டே பக்கம். ஒரு பொருள் இருப்பதற்குச் சாட்சி வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்தாள். முடிவில் ஐயத்துக்கு இடமில்லை என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லி சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார். சேர்த்தாள். சார் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அலைபேசி அடித்தது. டீச்சர். அவள் எழுந்து கடைக்கு வெளியே வந்து, பெயர்ப்பலகையின் நிழலில் ஒதுங்கி நின்று எடுத்தாள். "அரசி, இன்னைக்குத்தான குடுக்க? காலைலயே ஜெபம் பண்ணிட்டேன். நான் டவுனுக்கு வந்திருக்கேன், கண்ணாடி மாத்த. மூணு மணிக்கு அங்க வாரேன். எனக்கு ஒரு புஸ்தகம் வேணும்." "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம், நானே ஒருநாள் கொண்டு..." "அதெல்லாம் வேண்டாம். கையோட வாங்கணும். அவன் மேசைல வைக்கணும். சும்மா வைக்க மாட்டேன், படிப்பேன். புதுக் கண்ணாடில மொதப் படிப்பு அதாத்தான் இருக்கணும்." பிறகு டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அன்னைக்கு நீ எங்கிட்டச் சொன்னியே, அதத்தான எழுதியிருக்க?" "ஆமாம்மா" என்றாள் அரசி. அன்றைக்கு வந்த அதே வேகத்தில் வந்தது. இரண்டாவது தடவை சொல்லியாயிற்று, இனி எழாதவனுக்கு எதிராக அவள் போட்டது இரண்டு சாட்சிக் கையெழுத்து.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மறுப்பு வந்துகொண்டிருந்தது. நூற்று எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. டீச்சர் படிப்பார். ஒரு வரி விடாமல், புரியாத இடத்தை இரண்டு தடவை, விரல் வைத்துப் படிப்பார். இருநூற்றொன்றாம் பக்கத்துக்கு வருவார். அறிவு முற்றும் அடங்கிக் கிடக்கும்போதும் உயிர் அங்கே உளது, ஐயத்துக்கு இடமில்லை. படித்துவிட்டு நிமிர்ந்து மகனின் படத்தைப் பார்ப்பார். இந்தப் பெண்ணுக்கு இது தெரியும், தெரிந்துதான் என்னிடம் இல்லை என்று சொன்னாள், நானும் போய்க் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த அம்மா எப்படி எழுந்து காபி போடுவார்? கொடுக்காமல் இருந்துவிடலாமா? பிரதி தீர்ந்துவிட்டது என்றால்? ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? ஆய்வேட்டையே கொடுக்காமல் விட்டுவிட்டால்? ஏழு வருஷம் போகட்டும், டீச்சரை அந்தப் பக்கத்திடமிருந்து காப்பாற்றிவிடலாம். ஒரு நிமிஷம் உண்மையாகவே அப்படி நினைத்தாள், எழுந்துகூட நின்றாள். அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. மெத்தப் படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோணல் யோசனை. பரபக்கம் முடிகிற இடத்தில் புத்தகமும் முடிந்துவிட்டால்?

"அக்கா, அஞ்சு காப்பி சொன்னேம்லா, ஆறு போடுங்க. அந்த ஆறாவதுக்கு மட்டும் நூத்தி எம்பத்தாறு வரைக்கும் போதும்." பேச்சியக்கா பசை டப்பாவிலிருந்து தலையைத் தூக்கினாள். "பாதிப் புஸ்தகத்துக்கா தாயி அட்டை போடணும்?" "அவங்களுக்கு அவ்வளவு போதுங்க்கா." "நமக்கென்ன, போட்டாச்சு." அவ்வளவுதான், வேலை முடிந்தது. ஐந்து பிரதிகளில் அவன் இருக்கிறான், ஒரு பிரதியில் இல்லை. ஒரே தலைப்பு, ஒரே மெரூன் அட்டை, ஒரே பொன்னெழுத்து. எது என் ஆய்வேடு? கெட்டிக்காரிட்டி நீ, என்றான் செல்வின், கடைசில என்ன ஜெயிக்க வச்சிட்ட பாத்தியா, அதுவும் எங்கம்மை கையில குடுத்து. சும்மா இருல, உங்கம்மைக்காகத்தான் செய்தேன் என்றாள். அம்மைக்கா, உனக்கா என்றான். பசை வாடை தலையைச் சுற்றியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. டீச்சருக்கு உண்மை தெரிய வேண்டாம் என்பது டீச்சரின் நிம்மதிக்கா, டீச்சர் கண்ணில் நான் கொலைகாரியாகத் தெரியக் கூடாது என்பதற்கா? இந்த வார்த்தையை இதுவரை நினைப்புக்குள் விட்டதில்லை. இன்று தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து, அன்று காலையிலிருந்து, தண்ணீர் கேனிலிருந்து ஆரம்பித்தாள். இருந்தான் என்றால் நான் சொன்னது பாவம். இல்லை என்றால் நான் எழுதியது பாவம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றால் எதைத் தேர்வாள்? அவன் இருந்திருக்க வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையில்தான் இருபத்தெட்டுப் பக்கமும் எழுதினாள். இல்லாமல் போயிருக்க வேண்டும் என்றும் அதே அளவுக்கு ஆசையாக இருந்தது. மின்விசிறி தாள்களின் ஓரங்களைப் புரட்டிப் புரட்டி விட்டது. யாரோ வந்து ஆதார் அட்டையை நகலெடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு மணி, இரண்டே கால். சார் போன் செய்து, "என்னம்மா, குடுத்தாச்சா?" என்றார். "பைண்டிங்ல இருக்கு சார்." "கடைசி நிமிஷம் வரைக்கும் இழுக்காதம்மா, நாலு மணிக்கே எந்திரிச்சுப் போயிருவானுங்க." சரி சார், சரி சார் என்றாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. ஞானரத்தினம் டீச்சர் வெள்ளைச் சேலையில் இறங்கி, வெயிலுக்குக் கையை வைத்துக்கொண்டு கடையைத் தேடினார். மூக்கில் புதுக் கண்ணாடி. இரண்டு வருஷத்தில் தோள் குறுகிவிட்டது. அரசி தன் நாற்காலியைத் துடைத்து அவரை உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். பேச்சியக்கா பசை காய்ந்தும் காயாமலும் இருந்த ஆறாவது பிரதியைப் பழைய துணியில் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் அதை மடியில் வைத்துப் பொன்னெழுத்தைத் தடவினார். "ம. மங்கையர்க்கரசி" என்று வாய்விட்டுப் படித்தார், வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல. பிறகு திறந்தார். முப்பத்தாறு வருஷம் பாடப் புத்தகத்தைத் திறந்த கை நேரே பொருளடக்கத்துக்குத்தான் போகும் என்பது ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்தவளுக்குத் தோன்றவில்லை. விரல் இறங்கிக்கொண்டே வந்தது. இயல் ஒன்று, இயல் இரண்டு. அரசி சுவரில் சாய்ந்துகொண்டாள். விரல் நின்றது. டீச்சர் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டினார், மறுபடி முன்னால் வந்தார். "ஆறாம் இயல் நூத்தி எம்பத்தேழுன்னு போட்டிருக்கு. இதுல அது இல்லியே." "அவியதான் அவ்வளவு போதும்னாவ" என்றாள் பேச்சியக்கா அரசியைக் காட்டி, தன்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று. டீச்சர் இருவரையும் பார்க்கவில்லை. விரலுக்கு அடியில் இருந்ததைப் படித்தார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "ஆறு, நாலு. அறிவு... அடங்கிய நிலையிலும்... உயிர் உளது." இன்னொரு தடவை வாய்க்குள் படித்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா" என்றாள் அரசி. டீச்சர் கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பேசினார். "இருந்தான் அரசி. எனக்குத் தெரியும். காலப் பிடிச்சிட்டு நின்னேம்லா, பெத்தவளுக்குத் தெரியாதா? இருக்கான்னு தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். பைக் வாங்கின அன்னைக்கே சொன்னான், எம்மா, எனக்கு ஏதும் ஆச்சுன்னா எல்லாத்தையும் குடுத்துருன்னு. குடுக்கதுக்கு ஆள் வேணும்லா? இல்லாதவன் எப்படிக் குடுப்பான்? அவன் இருந்துதான் குடுத்தான். நான் அவன் கையப் பிடிச்சுக் குடுக்க வச்சேன், அவ்வளவுதான்." "அப்ப ஏன்மா எங்கிட்டக் கேட்டீங்க?" "இல்லன்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு பிள்ள. ஒரு நிமிசம் கேட்டுட்டுப் போயிருவோம்னு இருந்துச்சு. நீ சொன்ன. சொல்லும்போது ஒம் மூஞ்சப் பாத்தேன். ஒனக்கு அத விட்டா வேற பிடிமானம் இல்லன்னு தெரிஞ்சுது. சரி, நாமதான் தெரிஞ்சு சொமக்கோம், இந்தப் பிள்ளையாவது இல்லன்னே நெனச்சு நிம்மதியாத் தூங்கட்டும்னு பேசாம வந்துட்டேன். இன்னைக்கு போன்லயும் அதுக்குத்தான் கேட்டேன். நீ இன்னும் நம்புதியான்னு."

நாலு மணிக்கே எதிர் ஆபீஸில் எழுந்து போய்விடுவார்கள் என்று பேச்சியக்காதான் ஞாபகப்படுத்தினாள். ஐந்து பிரதிகளும் மேசையில் அடுக்கி, கயிறு கட்டி, தயாராக இருந்தன. அரசி கயிற்றை அவிழ்த்து மேலே இருந்ததை எடுத்து, நூற்று எண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து டீச்சரின் மடியில் வைத்தாள். "நேரமாவுதே, குடுத்துட்டு வா பிள்ள, அப்புறம் படிக்கேன்" என்றார் டீச்சர். "நீங்க படிங்கம்மா. படிச்சப்புறம் குடுக்கேன். தப்பா இருந்தாச் சொல்லுங்க." டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரியில் விரலை வைத்தார். அரசி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.